அப்பத்தாவும் பிஸ்கட் வெண்ணெயும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அப்பத்தாவைப் பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு. மிச்சமிருந்த பல்லையும் எடுத்தாச்சு. பல் செட் 'உறுத்துது'ன்னு டப்பாவுக்குள்ளயே கிடக்கு. மூணு வேளையும் கஞ்சி, அதுவும் பாதியில போதும்னு தள்ளிவிடும். எடை 38 கிலோ.

பெங்களூர்லேர்ந்து எனக்காக வாங்கி வந்த பிஸ்காஃப் பாட்டில் பையில இருந்துச்சு. சும்மா ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டு சப்புச்சு. அடுத்த ஸ்பூன் அதுவே கேட்டுச்சு! நாலு ஸ்பூன் ஆனதும்தான், "வெல என்னய்யா?"

நான் ஒரு லூசு. நானூறுக்கு மேலன்னு உண்மையைச் சொல்லிட்டேன். மூடியை இறுக்கித் திருகி அலமாரியில வச்சதுதான், அப்புறம் தொடவே இல்லை.

சரி, வீட்லயே செஞ்சா என்னன்னு கிளம்பினேன். அது ஒண்ணும் ராக்கெட் விடுற வேலை இல்லைங்க. பெல்ஜியத்துல வேலைக்குப் போறவங்க ரொட்டிக்கு நடுவுல வெண்ணெயும் பட்டை போட்ட பிஸ்கட்டும் வச்சு எடுத்துட்டுப் போவாங்களாம். மத்தியானத்துக்குள்ள பிஸ்கட் இளகி ரொட்டியோட ஒட்டிக்கும். 2007ல ஒரு அம்மா இதையே பாட்டில்ல அடைக்கிற மாதிரி செஞ்சு, அங்க டிவியில கண்டுபிடிப்பாளர் போட்டிக்குக் கொண்டுபோனாங்க. அப்புறம் லோட்டஸ் கம்பெனி அதைக் கடைக்குக் கொண்டுவந்துச்சு. பாட்டில்ல பாதிக்கு மேல வெறும் பிஸ்கட்தான்.

கீழமாசி வீதியில பட்டை, கிராம்பு, சுக்கு வாங்கிட்டு வந்தேன். மொத தடவை சொதப்பல். பிஸ்கட் பொடியில பாலை ஊத்தி அரைச்சேன். அன்னிக்கு சூப்பர். மறுநாள் களி மாதிரி இறுகிடுச்சு, மூணாம் நாள் மூடியைத் திறந்தா புளிச்ச வாடை. பிஸ்கட் மைதாதானே, ஈரத்தை உறிஞ்சி உப்பிடும். ஈரம் இருந்தா மதுரை வெயிலுக்குக் கெடாம என்ன செய்யும்? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு இஞ்சினியரிங் டிகிரி வேற :-)

ரெண்டாவது தடவை பால் கிடையாது, தண்ணி கிடையாது. மிக்ஸி ஜாரையே துணியால துடைச்சு வெயில்ல வச்சேன். 200 கிராம் சாதா பிஸ்கட், ரெண்டு கிராம்பு, அரை ஸ்பூன் பட்டைப்பொடி, கால் ஸ்பூன் சுக்குப்பொடி, நாலு ஸ்பூன் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாத்தையும் மாவா அரைச்சு சலிச்சேன். கப்பி இருந்தா அப்பத்தா ஈறுல குத்தும். அப்புறம் 100 மில்லி சூரியகாந்தி எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, மிக்ஸி சூடாகாம நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். நல்லெண்ணெய் வேண்டாம், வாசனை தூக்கிடும். தேங்காய் எண்ணெய் நம்மூர் சூட்டுல இளகித்தான் இருக்கும், ஆனா ஃப்ரிட்ஜுல வச்சா கல்லு.

தோசை மாவு பதத்துல வந்துச்சு. ஆறினதும் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டுச்சு.

வாடிப்பட்டிக்குப் போயி, ஒண்ணும் சொல்லாம ஸ்பூனை நீட்டினேன். வாயில வச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சுச்சு. எனக்கு கோட் ரிவ்யூல கூட இவ்வளவு பதட்டம் வந்ததில்லை.

"டீக்குள்ள விழுந்த பிஸ்கட்டு மாதிரி இருக்குய்யா. உங்க தாத்தா அதத்தான் கிளாசுக்கு அடியிலேர்ந்து வழிச்சு எனக்குத் தருவாரு."

அப்புறம் வழக்கமான கேள்வி. "வெல?"

"பிஸ்கட் பாக்கெட்டு வெலதான் அப்பத்தா."

நேத்து அம்மா போன் பண்ணாங்க. காலையில இட்லியை உதிர்த்து, அதுல ரெண்டு ஸ்பூன் போட்டுப் பிசைஞ்சு சாப்பிடுதாம். பாட்டில் அடி தட்டிடுச்சு, சனிக்கிழமை வரும்போது கொண்டு வரணுமாம். இட்லியோடவா? என்ன காம்பினேஷனோ, நான் எதுவும் கேட்டுக்கல.