அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கலாமா?



திருப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் நேற்று பேசினார். "சார், மாடியில நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒண்ணு மூணு நாளா கூட்ட விட்டு எழுந்திரிக்கல. கிட்ட போனா கொத்த வருது. தண்ணியில முக்கி எடுக்கச் சொல்றாங்க, செய்யலாமா?" வேண்டாம் என்றேன். மற்றவர்களுக்கும் பயன்படுமே என்று விரிவாக எழுதுகிறேன்.

அது நோயில்லை, அடை. ஒரு ஈட்டு முட்டை இட்டு முடித்த நாட்டுக்கோழிக்குப் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுகிறது. முட்டையிடுவது நின்று, வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படும். பண்ணை லெகார்ன் கோழியிடம் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நஷ்டம் அல்லவா! குஞ்சு தேவையில்லை என்றால் அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் தீனி, தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளியும். மூக்கில் இறகைக் குத்துவது சித்திரவதை.

எங்கள் வீட்டில் இந்தத் தை மாதம் வெள்ளைக்கழிச்சல் வந்து, பதினான்கு உருப்படியில் மூன்று பெட்டைகள்தான் மிஞ்சின. சேவலும் போயிற்று. மாசியில் கருப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. சேவல் சேராத முட்டை பொரிக்காது. அடையைத் தெளிய வைத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு 86 வயது. "இப்ப வுட்டா அடுத்த அடை சித்திரை வெயில்ல வரும்டா தம்பி, குஞ்சு தாங்காது" என்று சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போய் 11 முட்டை வாங்கி வந்தார். வாரத்துக்குத்தான், பொரிப்பதில் பாதி அவர்களுக்கு.

பழைய கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல். இடிக்குப் பயந்து அம்மா ஒரு இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் போட்டார். அறிவியல் வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. கோழியை இருட்டிய பிறகுதான் இடம் மாற்ற வேண்டும், பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். முட்டைகளில் பென்சிலால் குறி போட்டேன். மற்ற இரண்டு பெட்டைகளும் அதே கூடையில் புகுந்து முட்டையிடும், குறியில்லாததை அன்றன்றே எடுத்துவிடலாம். இதைச் செய்யாவிட்டால் 21ஆம் நாள் பாதி பொரித்தும் பாதி பொரிக்காமலும் கோழி தவித்துப் போகும்.

அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவைதான் இறங்கும். மக்காச்சோளக் குருணையும் தண்ணீரும் பக்கத்திலேயே வைத்தோம். சாம்பலில் புரள்வதற்கு ஓர் இடம் விட்டோம், இல்லாவிட்டால் செள் பிடித்துவிடும். ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் பார்த்தேன். ஒன்பதில் சிவப்பு நரம்பு சிலந்தி வலைபோல் தெரிந்தது, இரண்டு வெறும் முட்டை. கடைசி மூன்று நாள் தொடவே இல்லை.

2009இல் நம் செந்துறைப் பக்கம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டைனோசர் முட்டைகள் கண்டது பலருக்கு நினைவிருக்கும். மங்கோலியாவில் 1923இல் முட்டைகளோடு கிடைத்த ஒரு சிறு டைனோசருக்கு 'முட்டைத் திருடி' என்று பெயர் வைத்தார்கள். 1990களில்தான் தெரிந்தது, அந்த வகை தன் முட்டைகள்மேல் அடைகாத்திருக்கிறது. பாவம், பெயர் மட்டும் மாறவில்லை. பறவைகள் டைனோசர் வழி வந்தவை. நம் கருப்பி கொத்த வரும்போது எனக்கு அதில் சந்தேகமே வருவதில்லை.

21ஆம் நாள் எட்டுக் குஞ்சு. ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது. உடைத்து எடுக்கலாமே என்றாள் பேத்தி, விடவில்லை. அவசரப்பட்டால் ரத்தம் கசியும். தாய் கொத்தி விரட்டும் பருவம் வந்ததும் நாலு தெற்குத் தெருவுக்குப் போகும்.

நாளை ஏழாம் நாள். கண்ணில் ஒரு சொட்டுக் கழிச்சல் மருந்து விட வேண்டும். பிப்ரவரி முகாமில் பெரிய கோழிகளுக்கு ஊசி போடுவார்கள், குஞ்சுக்கு இந்தச் சொட்டு மருந்துதான். ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு வரும், கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். எட்டுக்காக உடைத்து மிச்சத்தைக் கொட்ட மனசில்லை. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வருகிறேன். ஆலத்தியூரில் குஞ்சு வைத்திருப்பவர்கள் காலை ஏழு மணிக்கு நம் வீட்டுத் திண்ணைக்கு எடுத்து வாருங்கள். காசு வேண்டாம்.