வேப்பமரத்தடியில் பிறரன்பு

பிறரன்பு என்றால் உண்டியலில் காசு போடுவது என்றே எண்ணியிருந்தோம். இத்தவக்காலத்தில் எங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு தீர்மானம் செய்தோம். மதிய உணவு கொண்டுவராத தோழி ஒருத்திக்கு நாளுக்கு ஒருவராகச் சோறு கொண்டுவருவது என்பதே அது. யார் முறை என்று கரும்பலகையில் எழுதியும் வைத்தோம்! (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.) நான்காம் நாள் அவள் வேப்பமரத்தடிக்கு வரவில்லை. தண்ணீர்க் குழாயருகே தனியாக நின்றாள். அழைத்தோம். "எனக்குப் பசிக்கல" என்றாள். எங்களுக்குக் கோபம் வந்தது. நன்றியில்லாதவள் என்றுகூடப் பேசினோம்.

அந்த வாரம் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், அன்னை தெரேசா 1979-ல் நோபல் பரிசு பெற ஆஸ்லோ சென்றபோது தம் உரையில் கூறிய நிகழ்ச்சியைச் சொன்னார்கள். எட்டுப் பிள்ளைகளுடன் பட்டினி கிடந்த ஓர் இந்துக் குடும்பத்துக்கு அன்னை அரிசி கொண்டுபோனார்கள். அந்தத் தாய் அதைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமும் பட்டினி என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வாங்குகிறவளுக்கும் கொடுக்க ஆசை இருக்குமே, அது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை? அன்றே கரும்பலகையை அழித்தோம். மறுநாள் முதல் எல்லாருடைய டிபன் பாக்ஸையும் நடுவில் திறந்து வைத்தோம். எது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அவள் உடனே வரவில்லை. மூன்று நாள் கழித்து வந்தாள், கைக்குட்டையில் முடிந்த நெல்லிக்காய்களுடன்.

"யாராவது உப்பு கொண்டாந்திருக்கீங்களாடி?" என்று கேட்டாள்.