இரண்டு சுற்று ஓட்டம், ஒரு சுற்று நடை

ஓட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் பெண்களிடம் வேறு அர்த்தம் உண்டு. "முதல் ஓட்டத்திலை மாடு கண்டை விட்டம், ரண்டாவது ஓட்டத்திலை வீட்டை விட்டம்" என்று வருடங்களைக்கூட ஓட்டங்களால்தான் எண்ணுகிறார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு வந்தபோது கொடிகாமம் இடம் கொடுத்த ஊர். 2000 மே மாதத்தில் அதே ஊர் தானும் வெறிச்சோடியது. அப்போது எனக்குப் பதினொரு வயது. வரணி வீதியால் வடமராட்சிப் பக்கம் போனோம். தம்பியைச் சைக்கிள் கரியரில் இருத்தி அம்மா உருட்டிக்கொண்டு வந்தார். "நில்லாதை, நட" என்பதைத் தவிர அன்று அவர் என்னிடம் வேறொன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

இப்படி ஓடிப் பழகிய நான், முப்பத்தைந்து வயதில், விளையாட்டுக்காக ஓடும் ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தேன் என்றால் உங்களில் பலர் சிரிப்பீர்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கதிரையில் இருந்து மற்றவர்களின் கதைகளைக் கேட்பதும், படிவம் நிரப்புவதும், மோட்டார் சைக்கிளில் அடுத்த வீட்டுக்குப் போவதும்தான் என் தொழில். கிளினிக்கில் சீனி எல்லையில் நிற்கிறது என்றார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பு வேண்டும், வேகமான உழைப்பென்றால் அதில் பாதி போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "வீட்டு வேலை செய்யிறமே, அது காணாதோ?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. தண்ணீர் அள்ளுவதும் விறகு கொத்துவதும் உழைப்புத்தான். ஆனால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று தெரியாத உழைப்பு அது. நடுவில் இருந்தால் குற்றம்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஞாயிறு காலையில் ஐந்தரை மணிக்குப் பாடசாலை மைதானத்தில் சில பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீற்றர் புல்தரை. ஓரத்தில் பனைகள். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த பிறகு கோடுகளை யாரும் கவனிப்பதில்லை, நெருஞ்சி முள் படர்ந்துவிடும். முதலில் முள் பிடுங்கிவிட்டுத்தான் பயிற்சி. பிள்ளைகளை விட்டுவிட்டு மதிலோரம் நின்ற தாய்மாரைப் பார்த்து, "நிக்கிற நேரத்துக்கு நீங்களும் ஓடுங்கோவன்" என்று சேர் ஒருநாள் சொல்லப்போய் உருவானதுதான் எங்கள் குழு. நான் போனபோது ஆறு பேர். சல்வார் போட்டவர்கள் மூவர், வீட்டுச் சட்டைக்குள் களிசான் போட்டவர்கள் இருவர், மகனின் சப்பாத்தைப் பழந்துணி அடைத்துப் போட்டுக்கொண்டு வந்தவர் ஒருவர்.

ஓடுவதென்றால் மூச்சு முட்டும்வரை ஓடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சேரின் முறை வேறு. பத்து நிமிடம் மெல்லிய நடையும் துள்ளலுமாக உடம்பைச் சூடாக்குவது. பிறகு இரண்டு சுற்று, அதாவது 400 மீற்றர், சற்று வேகமாக ஓட்டம். உடனே ஒரு சுற்று நடை. திரும்ப இரண்டு சுற்று ஓட்டம். பிள்ளைகளுக்கு எட்டுத் தடவை, எங்களுக்கு நாலு. வேகத்தைவிட ஒழுங்குதான் அவருக்கு முக்கியம். முதல் தடவை எவ்வளவு நேரம் எடுத்ததோ கடைசித் தடவையும் அவ்வளவு நேரம்தான் எடுக்கவேண்டும். முதலாவதிலேயே பாய்ந்து ஓடிவிட்டு மூன்றாவதில் இருந்துவிடுகிற பிள்ளைகளுக்குத்தான் அவரிடம் ஏச்சு விழும்.

இந்த முறை சேர் கண்டுபிடித்ததல்ல. 1930களில் ஜேர்மனியில் கேர்ஷ்லர் என்ற பயிற்றுநரும் ரைண்டெல் என்ற இதய வைத்தியரும் சேர்ந்து வகுத்தது. கேர்ஷ்லர் பயிற்றுவித்த ஹார்பிக் 1939 இல் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மரதன் மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லவாக்கியாவின் சற்றோபெக்கும் 400 மீற்றரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர்தான். ஓட்டத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறும். ஓட்டம் நின்று ஒன்றரை நிமிடத்துக்குள் அது 120 அளவுக்கு இறங்கவேண்டும். இறங்காவிட்டால் அந்த உடம்புக்கு அந்தப் பயிற்சி கூடிப்போயிற்று என்று அர்த்தம். இதயம் பலப்படுவது ஓடும்போது மட்டுமல்ல, இடையில் இளைப்பாறும் அந்தச் சிறு நேரத்திலும்தான் என்பது அவர்கள் கருத்து. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு உழைப்பைப் பற்றி எத்தனையோ கோட்பாடுகள் சொல்லித் தந்தார்கள். இளைப்பாறுவதையும் வேலைக்குள் சேர்த்து எண்ணிய கணக்கை நான் முதன்முதலில் கேட்டது இந்த மைதானத்தில்.

நாடியை எண்ணக் கருவி ஒன்றும் வேண்டாம். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, பத்துச் செக்கனுக்கு எண்ணி ஆறால் பெருக்கினால் சரி. பத்துச் செக்கனில் இருபது துடிப்பென்றால் 120. 180 என்பது இளம் உடம்புகளுக்கான கணக்கு. ஐம்பதைத் தாண்டியவர்களைச் சேர் அந்த அளவுக்கு ஏறவிடுவதில்லை, பக்கத்தில் வருபவரோடு இரண்டு சொல் கதைக்கக்கூடிய வேகத்தில்தான் ஓடச் சொல்வார். இருதய வருத்தம், பிறசர் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். மகனின் சப்பாத்தோடு வருபவர் அவர்தான். வன்னியில் கணவரை இழந்து, 2009 இல் முகாமுக்கு வந்து, பிறகு இந்தப் பக்கம் குடியேறியவர். ஓட்டத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. ஆனால் நடக்கவேண்டிய சுற்றில் அவர் நடப்பதில்லை. நாங்கள் இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கும்போது அவர் ஓடிக்கொண்டே இருப்பார். சேர் விசில் ஊதினாலும் ஓடுவார். மூன்றாவது ஞாயிறு நான் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன்.

"என்னக்கா, நிக்கச் சொல்லுகினம் எல்லே?"

"எனக்கு நிக்கேலாது பிள்ளை. நிண்டா பின்னாலை திரும்பிப் பாக்க வரும்."

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. எங்கள் வேலையில் கேட்பதற்கென்று ஒரு வரிசை பழக்கித் தந்திருக்கிறார்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று. வலுவூட்டல், உளசமூகம் என்ற சொற்களையும் எழுதி எழுதித் தேய்த்துவிட்டோம். அந்த இடத்தில் எனக்கு அவை ஒன்றும் வாய்க்கு வரவில்லை. பிடித்த கையை விடாமல் நாடியை எண்ணினேன். பத்துச் செக்கனில் இருபத்தெட்டு. "இருபதுக்கு வந்தாப் பிறகுதான் அடுத்த ஓட்டமாம்" என்றேன். இருவரும் நடந்தோம். திரும்ப எண்ணினேன், இருபத்தைந்து. பனையடிக்கு வரும்போது இருபத்திரண்டு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறு அவரே தன் கையைப் பிடித்து எண்ணத் தொடங்கினார்.

ஊர்க்கதை வராமல் இருக்குமா? "புருசன் இல்லாதவளுக்கு விடியக் காலமை என்ன ஓட்டம்?" என்று சந்தியில் ஒருவர் கேட்டாராம். இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1928 அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடினார்கள். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பெண்கள் களைத்து விழுந்து கிடந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்து எழுத, அந்த ஓட்டத்தையே பெண்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்வரை, 32 வருடங்கள், அது திரும்பக் கிடைக்கவில்லை. எத்தனையோ பெண்களின் ஓடும் வயது அதற்குள் போய்விட்டது.

அந்த அக்காவுக்கு இதைவிடப் பிடித்தது முள்ளியவளைக் கதை. முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, எழுபது வயதைக் கடந்த பிறகு, 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கமும் 800 மீற்றரில் வெண்கலமும் வென்று வந்தார். பத்திரிகையில் வந்த படத்தை நான் கொண்டுபோய்க் காட்டினேன். "எங்கடை பக்கத்து ஆளெல்லே!" என்று வாங்கிப் பார்த்தவர், பதக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இவ்வளவு தூரம் தனியப் போனவவோ?" என்றுதான் கேட்டார்.

பிறகு இரண்டு ஞாயிறு அவரைக் காணவில்லை. சந்திக்கதை காதுக்கு எட்டிவிட்டதோ என்று எனக்கு யோசனை. வீடு தேடிப் போனால் அது அலுவலகக் கணக்கில் போய்விடும், அதனால் போகவில்லை. போன கிழமை கொடிகாமம் சந்தையில் கண்டேன். பலாப்பழத்தை வெட்டிக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்.

"கச்சான் பிடுங்கப் போறன் பிள்ளை, நாட்சம்பளம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அங்கையும் எண்ணிப் பாக்கிறனான். முப்பதுக்குக் கிட்டப் போனா வரம்பிலை இருந்திடுவன். முதலாளி என்னடி இருக்கிறாய் எண்டார். இருபது வரட்டும் எண்டன். அவருக்கு விளங்கேல்லை."

பலாச்சுளை இரண்டை வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. கச்சான் இன்னும் நாலு நாளில் முடிந்துவிடுமாம், வருகிற ஞாயிறு வருவாராம். மகனுக்குக் கால் வளர்ந்துவிட்டதால் அந்தச் சப்பாத்து இனித் தனக்குத்தான் என்றார்.