பழைய சஞ்சிகைகளில் தேடிய பதில்

என்னிடம் ஒரு றங்குப் பெட்டி நிறையப் பழைய சஞ்சிகைகள் இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலம். எல்லாம் காது கேளாத பிள்ளைகளின் கல்வியைப் பற்றியவை. கனடாவில் இருக்கும் மச்சாள் பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்து, ஊருக்கு வருபவர்களிடம் இரண்டு மூன்றாகக் கொடுத்து விடுவார். "உதை வைச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்காதவர்கள் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

காரணம் என் தங்கை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அவள் படித்த இடத்தில் கையால் பேசினால் கைகளைப் பின்னால் கட்டி நிற்கச் சொல்வார்கள். உதட்டைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். வளர்ந்த பிறகு, "என் கையை ஏன் கட்ட வைத்தார்கள்?" என்று அதே கைகளால் என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடத் தொடங்கினேன்.

1880 செப்ரெம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் செவிப்புலனற்றோருக்குக் கற்பிப்போரின் மாநாடு ஒன்று கூடியது. சைகையை விட வாய்ப்பேச்சே மேலானது, அதன் மூலமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. வந்திருந்தவர்கள் 160 பேருக்கு மேல். ஏறத்தாழ எல்லோரும் காது கேட்பவர்கள்! அதன்பின் பல நாடுகளில் சைகைமொழி வகுப்பறையை விட்டு விரட்டப்பட்டது. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். அந்த மாநாட்டின் வழிவந்த மாநாடு 2010 இல் கனடாவின் வன்கூவரில் கூடியபோதுதான் அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 வருடங்கள்.

தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகம் பெல்லின் சங்கம் 1899 இல் தொடங்கிய சஞ்சிகை பின்னர் 'வோல்ட்டா ரிவியூ' ஆனது. வாய்ப்பேச்சு முறைக்காக வாதாடியது அது. பெல்லின் தாயாரும் மனைவியும் காது கேளாதவர்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

எனக்குப் பிடித்தது 'சைலன்ட் வேர்க்கர்'. 1888 முதல் 1929 வரை அமெரிக்காவின் நியூ ஜேர்சிப் பாடசாலையிலிருந்து வந்தது. அங்கு அச்சுத்தொழில் பழகிய காது கேளாத மாணவர்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். மற்றச் சஞ்சிகைகளில் ஆசிரியர்கள் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். இதில் அவர்களே பேசினார்கள்: கலியாணம், வேலை, பயணம், சைகைமொழிக்கான வாதம் எல்லாமே.

ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். லோரா றெடன் சிறுவயதில் காய்ச்சலால் கேட்கும் சக்தியை இழந்தவர். 1847 இல் தொடங்கிய ஆசிரியர் சஞ்சிகையான 'அமெரிக்கன் அனல்ஸ்' 1858 இல் அவரது கட்டுரையை வெளியிட்டது. பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், ஹவார்ட் கிளின்டன் என்ற ஆண்பெயரில் வொஷிங்டனிலிருந்து பத்திரிகைக்கு எழுதினார். தாளும் பென்சிலும்தான் அவரது செவி. மினசோட்டாவில் ஒரு ஊருக்கே அந்தப் புனைபெயரை வைத்திருக்கிறார்கள்.

'சைலன்ட் வேர்க்கர்' இதழ்களை இப்போது கணினியிலும் பார்க்கலாம். ஆனால் தங்கைக்குத் தாள் வேண்டும். தையல் வேலை முடிந்த பின்னேரங்களில் படங்களைக் காட்டி என்னிடம் கதை கேட்கிறாள். லோராவின் கட்டுரை வந்த 1858 ஆம் ஆண்டு இதழ் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. மச்சாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.