ரெண்டு நூல் கம்பி

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையின் பின்கட்டில் மரப்பேனா கடைகிறார்கள். பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்தே தலை நரைத்த பெரியவர் ஒருவரும், அவருடைய மருமகளும். ரீஃபில், கிளிப், முனை எல்லாம் செட்டாக வெளியிலிருந்து வருகின்றன. மர உடல் மட்டும் இங்கே உருவாகிறது. நான் பார்க்கப் போனது அந்த மரத்தைத் தாங்கிச் சுழலும் கம்பியை.

முக்கால் அங்குலச் சதுரக் கட்டையில் 7 மில்லிமீட்டர் துளை போட்டு, அதற்குள் பித்தளைக் குழாயை ஒட்டுகிறார்கள். குழாய்க்குள் கம்பியைச் செருகி, இரு பக்கமும் புஷ் வைத்து, நட்டை முடுக்கி லேத்தில் ஓட்டிக் கடைகிறார்கள். அந்தக் கம்பிதான் மேண்ட்ரல். இறக்குமதி மேண்ட்ரல் 6.25 மில்லிமீட்டர் கனம், சாணை பிடித்தது. ஹார்டுவேர் கடையில் கிடைப்பது 6 மில்லிமீட்டர், இல்லையென்றால் ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், 6.35. முன்னது புஷ்ஷுக்குள் லொடலொடக்கும். பின்னது நுழையவே நுழையாது.

இந்தச் சின்ன வித்தியாசம் பேனாவில் பெரிதாகிவிடும். கம்பி மையம் விலகிச் சுற்றினால் மரம் ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலியும். நடு வளையமும் மரமும் சேரும் இடத்தில் ஒரு படி நிற்கும். கண் அதைத் தவறவிடலாம். வாங்குகிறவரின் கட்டைவிரல் தவறவிடாது.

கம்பி வாங்கப் பெரியவரோடு கடைக்குப் போனேன். செதில் பூத்த கறுப்புக் கம்பியை அவர் தொடவே இல்லை. சூட்டில் உருட்டியது, அதில் வட்டத்தை நம்ப முடியாது. ரெண்டு நூல் பிரைட் பார் கட்டைப் பிரித்து, கல்லாவின் கண்ணாடிப் பலகையில் ஒவ்வொன்றாக உருட்டினார். குனிந்து, கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பார்த்தார். “இதுல வெளிச்சம் தாவுது பாருங்க தம்பி. வளைவு இருக்குது.” பெரும்பாலான கம்பிகள் கட்டுக்கே திரும்பின.

தேறியதைப் பட்டறையில் காலெட்டில் பிடித்து, எமரித் தாளால் 6.25க்கு இறக்கினார். உளி வைத்தால் இவ்வளவு மெல்லிய கம்பி வளைந்து விலகும், நடுவில் தடித்து நிற்கும். தாள்தான் ஒரே வழி. நாலு விரல் தள்ளித் தள்ளி மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கும் அந்த வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. கடைசியில் நுனியில் சென்டர் டிரில் போட்டு, ரிவால்விங் சென்டர் உட்கார ஒரு குழி.

குண்டுப் பேனாக்களுக்கு அவர் பிடித்திருக்கும் வழி எனக்கு இன்னும் பிடித்தது. அவற்றின் குழாய் அகலமானது. புஷ்ஷின் படிதான் குழாய்க்குள் உட்காரும். ஆகவே கம்பியின் கனம் நம் விருப்பம். 6 மில்லிமீட்டர் கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கேற்ற புஷ்ஷைத் தாமே கடைந்து, 6 ரீமர் ஓட்டிவிடுகிறார். கம்பிக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகள். உடைந்த பிரிண்டர்களில் தலை ஓடும் தண்டு சாணை பிடித்த நேர்கம்பி, எடைக்குக் கிடைக்கிறது.

மருமகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். இரண்டு கட்டைகளைச் சேர்த்துக் கோக்கும் நீளக் கம்பியை ஒதுக்கிவிட்டு, ஒரு கட்டைக்கு ஒரு குட்டைக் கம்பி என்று மாற்றியது அவர்தான். நீளம் பாதியானால், அதே அழுத்தத்தில் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். “மாமா, நட்டை ரொம்ப முடுக்காதீங்க” என்பதும் அவர் குரல்தான். அதிகம் முடுக்கினால் நல்ல கம்பியும் வில்லாகிவிடும். பெரியவர் மறுபேச்சின்றித் தளர்த்தினார்.

பாலிஷ் போட்ட உடல்களை உலர்த்தும் ஸ்டாண்டில் மட்டும் சாதாரணத் திரெட் ராடு. அங்கே மையமும் தேவையில்லை, நேரும் தேவையில்லை. எங்கே கடைக்கம்பி போதும், எங்கே போதாது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. இதைச் சிக்கனம் என்றோ சமாளிப்பு என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகளும் பட்டறைகளும் பெருகிய ஊர் இது. கேட்ட பாகம் கிடைக்காதபோது செய்துகொள்ளும் பழக்கம் இங்கே பல தலைமுறைகளின் படிப்பு.

ஆனால் பேனா வாங்கும் வியாபாரி உருப்படிக்குத்தான் காசு கொடுக்கிறார். கம்பி தேர்வதும் இறக்குவதும் அவர் கணக்கில் வருவதில்லை. மருமகள் இப்போது அந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறார். அடுத்த ஆர்டருக்கு விலை பேசும்போது அதற்கும் மணிக்கூலி கேட்கப்போகிறாராம்.