ஈயப்பட்ட சிறு நிரல்

கல்வராயன் மலையிற் பிறந்த கோமுகியாறு கள்ளக்குறிச்சி வயல்களை ஊட்டுவது போல, யாங்கள் பயின்ற காலத்து எம் அறிவை ஊட்டியவை நண்பர் கையேடுகளில் வந்த சிறு நிரல்களேயாம். அவை, இன்டெல் நிறுவனத்தார் 1976இல் வெளியிட்ட 8085 நுண்செயலிக்கென அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டவை.

அச்செயலிக்குப் பெருக்கற் கட்டளை இல்லை. 7ஐ 5ஆற் பெருக்க, 7ஐ ஐம்முறை கூட்டல் வேண்டும். அக்யுமுலேட்டரில் 255 இருக்க, ‘ஏடிஐ’ கட்டளையால் 1 கூட்டின், அது சுழியமாகிக் ‘கேரி’ குறி எழும். ‘ஐஎன்ஆர்’ கட்டளையாற் கூட்டினும் சுழியமேயாம். ஆயின் அக்குறி மாறாது. இவ்வேற்றுமையை வரியருகே ஒருவர் குறித்திராவிடின், விடை பிழைத்தவிடத்துக் காரணம் அறியாது மயங்குவோம்.

மலையூரினின்று வந்து, இல்லத்திற் கணினி காணாத மாணாக்கனுக்கு அக்குறிப்பே இரவில் ஆசான். ஆகலின் நண்பர்காள், நிரலை ஈவோர் அதன் காரணத்தையும் உடன் ஈக.