காலித் தோட்டாவும் மாட்டுக் கொட்டகையும்

பாலக்காட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர், முறைக்கு எனக்கு மாப்பிள்ளை, சென்ற மாதம் போனில் ஒரு சந்தேகம் கேட்டார். கேரளத்தில் 2022-லிருந்து, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இவர் பெயரும் இருக்கிறது.

"மாமா, அப்பா காலத்து .315 காலித் தோட்டா ஒரு டப்பா நிறைய கிடக்கு. நல்லா பளபளன்னு இருக்கு. கடையில கொடுத்து மருந்து நிரப்பிக்கலாமா?"

பளபளன்னு என்று அவர் சொன்னதும் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. போனில் சொன்னது அரைகுறை. முழுவதும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மணலி புதுநகரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவனுக்குத் தோட்டாவைப் பற்றி என்ன தெரியும் என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். வேலையில் இருந்த காலத்தில் ஆறு வருடம் துப்பாக்கி உரிம சீட்டில் குப்பை கொட்டியவன் நான். அதற்கு முன்பே, புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நாளில், சொல்தா பெரியப்பாவின் கைப்பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பெரியப்பாவிடம் உரிமத்தோடு ஒரு .315 ரைபிள் இருந்தது. செஞ்சிப் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில் பன்றி இறங்கினால் நண்பர்கள் ஆள் அனுப்புவார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்தைய கதை இது.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள் உண்டு. குண்டு, மருந்து, அடியில் பொறி தட்டும் கேப்பு, இவை மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் முதல் மூன்றும் போய்விடும். கூடு மட்டும் மிஞ்சும். புதுத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில் அந்தக் கூட்டைப் பத்திரப்படுத்தி, மெட்ராஸ் மவுண்ட் ரோடில் உரிமம் உள்ள கடை மிஸ்திரியிடம் கொடுத்து மறுபடி நிரப்பி வாங்குவார் பெரியப்பா. நிரப்புவது மிஸ்திரி வேலை. எந்தக் கூட்டைக் கொடுப்பது என்று பொறுக்குவது எங்கள் வேலை. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி தோட்டா செய்வது உரிமம் வேண்டிய காரியம். வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கிற சமாச்சாரம் இல்லை.

ஏன் பித்தளை? மருந்து வெடிக்கும்போது ரைபிளுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். அந்தக் கணத்தில் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு பொட்டுப் புகையும் பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே சுருங்கிச் சுலபமாக வெளியே வரவும் வேண்டும். நூற்றுக்கு 70 செம்பு, 30 துத்தநாகம் என்று கலந்த பித்தளை இதை அழகாகச் செய்கிறது. உலகம் முழுவதும் அந்தக் கலவைக்குத் தோட்டாப் பித்தளை என்றே பெயர். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த பழைய மார்ட்டினி ஹென்றி தோட்டா 1885-ல் சூடான் போரில் சிக்கிக்கொண்டு வெள்ளைக்காரனைப் படுத்திய பாட்டுக்குப் பிறகுதான், ஒரே வில்லையை இழுத்து இழுத்துக் குழாயாக்கும் முறைக்குப் போனார்கள்.

கூடு பொறுக்க உட்கார்ந்தால் பெரியப்பா முதலில் கேட்பது, "அடியில என்ன எழுதியிருக்குன்னு பாருடா" என்பதுதான். கேப்பைச் சுற்றி செய்த இடமும், பல தோட்டாக்களில் வருடமும், பொடி எழுத்தில் பொறித்திருக்கும். கே.எஃப். என்றிருந்தால் புனேயை அடுத்த கிர்க்கியில் 1869-ல் தொடங்கிய தொழிற்சாலையில் செய்தது. ஒரே இடம், ஒரே வருடம் என்று தனித்தனியாகக் கும்பல் கட்டுவோம். ஒரு தொழிற்சாலைக் கூடு இன்னொன்றைவிடத் தடிமனாக இருந்தால் உள்ளே இடம் குறையும். அதே அளவு மருந்து போட்டாலும் அழுத்தம் ஏறும்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய குழப்பம் ஒன்று. ராணுவத் தோட்டா அளவான .303-ஐ வெள்ளைக்காரன் பொதுமக்கள் கையில் விடவில்லை. அதனால் ஆஸ்திரியாக்காரனுடைய பழைய 8 மி.மீ. மான்லிஷர் தோட்டாவுக்கு .315 என்று பெயர் வைத்து வேட்டைத் துப்பாக்கி செய்தார்கள். பிரெஞ்சுக்காரனின் 1886 லெபெல் ரைபிள் தோட்டாவும் 8 மி.மீ.தான். காகிதத்தில் இரண்டையுமே 8க்கு 50 என்று எழுதுவார்கள். உருவம் வேறே. லெபெல் கூட்டுக்கு இடுப்பு பருத்திருக்கும். பழைய சொல்தாக்கள் வீட்டுப் பெட்டிகளில் இரண்டும் கலந்து கிடக்கும். எண்ணை நம்பாதே, பக்கத்தில் வைத்து உருவத்தைப் பார் என்பார்.

அடுத்தது கழுத்து. குண்டைப் பிடித்திருக்கும் அந்தப் பகுதி கொஞ்சம் மென்மையாக இருக்க வேண்டும். அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். அதற்காகத் தொழிற்சாலையில் கழுத்தை மட்டும் சூடு காட்டுவார்கள். பாலிஷ் போடாத கூட்டில் அந்தச் சூடு பட்ட அடையாளம் மயில்கழுத்து நிறத்தில் தெரியும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துப் போக்கத் தேவையில்லை. சூடு அடிப்பாகத்தைத் தொட்டிருந்தால் மட்டும் அந்தக் கூட்டைக் கையால் தொடக்கூடாது. பச்சைக் களிம்பு போகட்டும் என்று சிலர் கூட்டை அடுப்பில் போட்டு எடுப்பார்கள். தீப்பிடித்த வீட்டிலிருந்து எடுத்ததையும் கொண்டுவருவார்கள். அதெல்லாம் அடி இளகிப் போன பித்தளை. பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு உட்புறம். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடியிலிருந்து விரல் அகலத்துக்குள் மேலும் கீழும் உரச வேண்டும். ஓரிடத்தில் பள்ளம் தட்டினால் அங்கே சுவர் இளைத்துவிட்டது. வெளியே அதே இடத்தில் மெல்லிய வளையம் பளிச்சென்று தெரியும். அடுத்த சூட்டில் அடி தனி, உடம்பு தனி என்று பிரிந்துவிடும். உள்ளே டார்ச் அடித்தால் அடியில் நடுவில் ஒரே துளையா, இரண்டு சின்னத் துளையா என்பதும் தெரியும். ஒரு துளை பாக்ஸர் முறை, கேப்பு மாற்றுவது சுலபம். இரண்டு துளை பெர்டான் முறை, மிஸ்திரி முகம் சுளிப்பார். பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டான் அமெரிக்கர். அமெரிக்கர்கள் பாக்ஸர் முறையை வைத்துக்கொண்டார்கள், பெர்டான் முறை ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. சம்பந்தி வீட்டில் பிள்ளையை மாற்றிக்கொண்ட மாதிரி.

கடைசியில் காது. ஐந்தாறு கூட்டை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் கிணிகிணி என்று சத்தம் வரும். நடுவில் ஒன்று சொத்தைச் சத்தம் போட்டால் அதில் கீறல் இருக்கிறது. பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஜனங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் பெரியப்பா ஒரு கேள்வி கேட்பார். "இது எங்கே இருந்தது?"

செஞ்சிப் பக்கத்து நண்பர் ஒருவர் தன் கூடுகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்திருந்தார். இரண்டு மழைக்காலம் அங்கேயே இருந்தது. எடுத்தபோது லேசாகக் கறுத்திருந்ததைப் புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்துத் திருப்தியாகி, அவரே வேறெங்கோ கொடுத்து நிரப்பி வந்தார். மூன்றாவது தோட்டாவில் கூடு அடிப்பக்கம் நெடுக்கில் வெடித்து, புகையும் பித்தளைத் துணுக்கும் பின்னால் வந்தன. புதுச்சேரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். வலது கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவே இல்லை. நான் பெரியப்பாவோடு போய்ப் பார்த்தேன். மிச்சம் இருந்த கூடுகளை அந்த வீட்டிலேயே வெயிலில் பிடித்துப் பார்த்தார். பதினொன்றில் தலைமுடி போலக் கீறல்.

காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதுவும் நம் நாட்டுச் சரித்திரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. யாரும் தொடாமலே அவை தானாக வெடித்துக் கீறின. மழைக்காலத்தில் வந்த கோளாறு என்பதால் பருவக் கீறல் என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் பெயரே வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாதான் வில்லன். பித்தளையைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்துக் குழாயாக்கும்போது அதற்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால், மணிமணியாக இருக்கும் உலோகத்தின் இணைப்புகளில் புகுந்து அந்த இறுக்கமே பிளக்க வைக்கிறது. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மிதமாகச் சூடு காட்டி உள் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் கீறல் வராது என்பதும் தெரிந்தது. நல்ல தொழிற்சாலைக்கும் மட்டமான தொழிற்சாலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பின்லாந்தின் லாப்புவா, ஸ்வீடனின் நோர்மா என்று வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் அதிக விலை கொடுத்து வாங்குவது ஒரே சீரான தடிமனுக்கும், கழுத்துக்குக் காட்டும் பக்குவமான சூட்டுக்கும்தான்.

அமோனியா என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு விளக்கம் வேண்டாம். 2023 டிசம்பர் 26 நடுராத்திரி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து கசிந்து, கைக்குழந்தையோடு ஜனங்கள் ரோட்டில் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். மூக்குக்குத் தெரிகிற அளவு வந்தால் நாம் ஓடுகிறோம். மூக்குக்குத் தெரியாத அளவிலும் பித்தளை அதை வாங்கிக்கொள்ளும். அதனால் கூடுகளை மாட்டுக் கொட்டகை, கோழிக்கூண்டு, யூரியா மூட்டை அடுக்கிய அறை, கழிப்பறைப் பரண் ஆகிய இடங்களில் வைக்கக்கூடாது. அமோனியா கலந்த பித்தளை பாலிஷும் வேண்டாம். வாங்குமுன் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

புளி பரவாயில்லை. ஆனால் தேய்த்தவுடன் கழுவி உலர்த்த வேண்டும். ஊறப்போட்டால் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் ரோஜா நிறப் புள்ளியாக மிஞ்சும். அந்தப் புள்ளி விழுந்த கூடு சல்லடையாகிவிட்டது என்று அர்த்தம். பழைய கேப்புகளில் பாதரசம் உண்டு. அது பட்ட பித்தளை மொறுமொறுப்பாகி அப்பளம் போல் உடையும். மிகப் பழைய பெட்டியைப் பெரியப்பா திறந்து பார்ப்பதே கிடையாது.

உரிம சீட்டில் இருந்தபோது புதுப்பிக்க வரும் எஸ்டேட் கிழவர்கள் சிலர் இறக்குமதித் தோட்டாவின் காலிக் கூட்டைப் பேரன் போட்டோ மாதிரி காட்டுவார்கள். கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்ததைப் போன்ற .405 வின்செஸ்டர் ரைபிளுக்கெல்லாம் நம் ஊரில் தோட்டாவுக்கு எங்கே போவது! அவர்களிடம் நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "இது எங்கே இருந்தது சார்?" என்று கேட்பேன். பாதிப் பேர் பெருமையாக, "குதிரை லாயத்துல, பத்திரமா" என்பார்கள். அங்கேயே பேனாவை வைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் பேசுவேன். சூப்பிரண்டுக்கு அது பிடிக்காது.

மாப்பிள்ளையின் டப்பா அவர் அப்பா காலத்தில் ரப்பர் ஷீட் புகை போடும் கொட்டகையில் இருந்ததாம். ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்க அதில் அமோனியா ஊற்றுவது வழக்கம். "அத்தனையையும் கழித்துவிடுங்கள், உரிமத்தில் அனுமதித்த அளவுக்குக் கடையில் புதுசாக வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன். தோட்டா விலையைச் சொல்லிக் கொஞ்சம் முனகினார். முனகட்டும்.

கழித்ததை அப்படியே குப்பையில் போட்டால் வேறு யாராவது பொறுக்கி நிரப்பப் பார்ப்பார்கள். பெரியப்பா ஒவ்வொன்றின் கழுத்தையும் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் கொடுப்பார். செஞ்சி நண்பர் வீட்டுக் கூடுகளையும் அப்படித்தான் செய்தார். தெருவில் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் அதைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல பித்தளை சாமி, செம்பு தூக்கல்" என்று சொல்லி, காகிதப் பொட்டலத்தில் வழக்கத்தைவிட ஒரு கை கூடுதலாகவே போட்டுக்கொடுத்தார்.